பெப்டைடு சொதப்பினால் எங்கே பார்ப்பது? அறிகுறி வாரியாக

ப்ராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் ராயபுரம், தண்டையார்பேட்டை, மாதவரம் பக்கம் இருக்கிற பிள்ளைகளிடமிருந்து ஒரே மாதிரி மெசேஜ்தான் வரும். "அக்கா, பெப்டைடு வேலை செய்யலை." அவ்வளவுதான் தகவல். பெப்டைடு என்றால் அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி, பெரும்பாலும் ஒரு புரதத்தின் துண்டு. எந்தத் துண்டு, எதில் கரைத்தாய், முனைகள் மூடியதா திறந்ததா, என்ன உப்பு என்று திருப்பிக் கேட்டால் பதில் வர அரை நாள் ஆகும், வந்தாலும் "சார்கிட்ட கேக்கணும்" என்று வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய்ப் படித்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஒன்று. குப்பியில் ஒட்டியிருக்கும் லேபிள் நீங்கள் ஆர்டர் கொடுத்தது என்ன என்பதைத்தான் சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ரிசப்டர் (செல்லில் பெப்டைடு போய் உட்காரும் புரதம்) சரியில்லை, செல் லைன் (லேபில் வளர்க்கும் செல்கள்) பழசு, கைடு சொன்ன ஐடியாவே தப்பு என்றெல்லாம் போவதற்கு முன்னால் குப்பியைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

"கரையவே மாட்டேங்குது", "பால் மாதிரி கலங்கிடுச்சு"

முழுக் குப்பியிலும் பிபிஎஸ்ஸை (உப்பும் பாஸ்பேட்டும் கலந்த பஃபர், அதாவது பிஎச் மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்) ஊற்றிவிட்டு அப்புறம் வந்து கேட்பதுதான் வழக்கமாக நடக்கிறது. உப்பு நிறைந்த பஃபரில் நேராகக் கரைப்பது பல பெப்டைடுகளுக்கு ஆகாது. முதலில் ஊசிமுனை அளவு பொடியை எடுத்துச் சுத்தமான தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மீதியைத் தொடாதீர்கள்.

கூடவே ஒரு பேப்பரை எடுத்து சார்ஜை எண்ணுங்கள், இரண்டு நிமிட வேலை. லைசின், ஆர்ஜினின் ஒவ்வொன்றுக்கும் கூட்டல் ஒன்று. அஸ்பார்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம் ஒவ்வொன்றுக்கும் கழித்தல் ஒன்று. அமினோ முனை திறந்திருந்தால் கூட்டல் ஒன்று, கார்பாக்சில் முனை திறந்திருந்தால் கழித்தல் ஒன்று. அசிட்டைல் போட்டோ அமைடு போட்டோ மூடியிருந்தால் அந்த முனைக்குப் பூஜ்யம். மொத்தம் கூட்டலில் வந்தால் தண்ணீரிலேயே கரைய வாய்ப்பு அதிகம், இல்லையென்றால் 10 சதவீத அசிட்டிக் அமிலத்தைக் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்த்து, பிறகு தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யுங்கள். கழித்தலில் வந்தால் நீர்த்த அம்மோனியா, அல்லது அம்மோனியம் பைகார்பனேட். ஆனால் சிஸ்டீன் இருக்கிற பெப்டைடுக்குக் காரம் வேண்டாம், இரண்டு சிஸ்டீன்கள் கைகோத்து டைசல்ஃபைடு ஆகிவிடும். அப்புறம் உங்களிடம் இருப்பது வேறு மூலக்கூறு. பூஜ்யம் வந்து, எண்ணெய்ப் பசை (தண்ணீரோடு ஒட்டாத) அமினோ அமிலங்களும் நிறைய இருந்தால் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் முதலில் கரைத்து, சுழன்றுகொண்டிருக்கும் பஃபருக்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பஃபரை எடுத்து டிஎம்எஸ்ஓ மேல் ஊற்றினால் பாதியில் திரிந்துவிடும். மெத்தியோனினோ சிஸ்டீனோ இருந்தால் டிஎம்எஸ்ஓ அதை ஆக்சிடைஸ் செய்யும், அதற்கு டிஎம்எஃப் என்ற இன்னொரு கரைப்பான். ஆனால் டிஎம்எஃப் செல்லுக்கு ஆகாது, அதனால் கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

தெளிவாகத் தெரிகிறது என்பதால் கரைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சென்ட்ரிஃபியூஜில் நல்ல வேகத்தில் பத்து நிமிடம் சுற்றிவிட்டு டியூபை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்து அடியைப் பாருங்கள். அடியில் சின்னதாகக் கண்ணாடி போல ஒரு படலம் தெரிந்தால் நீங்கள் மேலே இருப்பதை மட்டும் செல்லுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அல்சைமர் ஆய்வில் வரும் அமிலாய்டு பீட்டா 1-42 வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இந்த விதிகளுக்கு அடங்காது. 1-40ஐ விடக் கடைசியில் ஐசோலூசின், அலனின் என்று இரண்டே இரண்டு அமினோ அமிலம் அதிகம், அந்த இரண்டினால் அது பல மடங்கு வேகமாகத் திரளும். அதன் ஐசோஎலெக்ட்ரிக் புள்ளி, அதாவது மொத்த சார்ஜ் பூஜ்யமாகும் பிஎச், 5.3 பக்கம். அமிலத்தில் ஆரம்பித்து நடுநிலைக்குக் கொண்டுவந்தால் அந்தப் புள்ளியைத் தாண்டித்தான் வர வேண்டும், வரும் வழியிலேயே திரண்டுவிடும். அதனால் ஒன்று 1 சதவீத அம்மோனியாவில் கரைத்து உடனே பஃபரில் நீர்க்கச் செய்கிறார்கள், இல்லையென்றால் எச்எஃப்ஐபி என்ற கரைப்பானில் கரைத்து ஆவியாக்கி, மிஞ்சும் படலத்தை டிஎம்எஸ்ஓவில் எடுக்கிறார்கள். எச்எஃப்ஐபி தோலையும் கண்ணையும் அரிக்கும், சட்டென ஆவியாகும். ஃப்யூம் ஹுட் வேலை செய்யவில்லை என்றால் அன்றைக்கு அந்த வேலையே வேண்டாம். இன்னொன்று, தனித்தனி மோனோமரா, சில சேர்ந்த ஆலிகோமரா, நூல் நூலாகத் திரண்ட ஃபைப்ரிலா என்பதைப் பொறுத்து செல்லில் கிடைக்கும் ரிசல்ட்டே வேறு. "அமிலாய்டு பீட்டா போட்டேன்" என்று மட்டும் எழுதினால் அது முழுத் தகவல் ஆகாது.

"டோஸ் கர்வ் பேப்பரில் இருப்பதைவிட வலது பக்கம் நகர்ந்து கிடக்குது"

அதாவது அதே விளைவுக்குக் கூடுதல் அளவு பெப்டைடு வேண்டியிருக்கிறது. இது உயிரியல் மாதிரி தெரியும், எடைக்கணக்குத்தான். சான்றிதழில் தூய்மை 98 சதவீதம் என்று போட்டிருப்பார்கள், பிள்ளைகள் 5 மில்லிகிராமில் 4.9 மில்லிகிராம் பெப்டைடு என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த 98 என்பது எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு பீக்காகக் காட்டும் கருவி) தெரிந்த பீக்குகளுக்குள் உங்கள் பீக்கின் பங்கு. தண்ணீரும் உப்பும் அந்தக் கணக்கில் வரவே வராது. அதற்குத் தனியாக நெட் பெப்டைடு கன்டென்ட் என்று ஓர் எண் இருக்கும், இல்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பதினைந்து அமினோ அமில பெப்டைடு, மூலக்கூறு எடை 1650 என்று வையுங்கள். நான்கு லைசின், ஓர் ஆர்ஜினின், திறந்த அமினோ முனை: ஆக ஆறு நேர்மின் இடங்கள். எச்பிஎல்சி சுத்திகரிப்பில் டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம், அதாவது டிஎஃப்ஏ, பயன்படுத்துவதால் ஒவ்வோர் இடத்திலும் ஒரு டிஎஃப்ஏ வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்றின் எடை 114, ஆறுக்கு 684. அப்போது பொடியில் உப்பு மட்டுமே 29 சதவீதம். ஈரத்தையும் சேர்த்தால் நெட் கன்டென்ட் 68 என்று வருவதில் ஆச்சரியமே இல்லை. 5 மில்லிகிராம் குப்பியில் பெப்டைடு 3.4 மில்லிகிராம்தான். 1 மில்லிமோலார் வேண்டுமென்றால் 2.06 மில்லி ஊற்ற வேண்டும். லேபிளை நம்பி 3.03 மில்லி ஊற்றியவர் கையில் இருப்பது 0.68 மில்லிமோலார். கர்வ் நகராமல் என்ன செய்யும்?

1 மில்லிகிராம் குப்பியை வாங்கிவிட்டு அதிலிருந்து 0.3 மில்லிகிராம் எடை போடுகிறேன் என்று தராசு முன்னால் உட்காராதீர்கள். பஞ்சு மாதிரி இருக்கிற பொடி, ஏசி காற்றில் பறக்கும், ஸ்பாட்டுலாவில் ஒட்டும், மூடியில் ஏறிக்கொள்ளும். திறப்பதற்கு முன்னால் ஒரு சுற்று சென்ட்ரிஃபியூஜ், பிறகு குப்பி முழுவதையும் கரைத்துவிட்டுப் பிரித்து வையுங்கள்.

"நானோட்ராப் பூஜ்யம் காட்டுது", "ஜெல்லில் பேண்டே இல்லை"

பயப்பட ஒன்றுமில்லை. நானோட்ராப் என்பது ஒளி உறிஞ்சுவதை வைத்து அளவு சொல்லும் கருவி. 280 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சுவது முக்கியமாக டிரிப்டோஃபானும் டைரோசினும்தான். உங்கள் துண்டில் இரண்டுமே இல்லையென்றால் கடல் அளவு பெப்டைடு இருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். 205 அல்லது 214இல் பெப்டைடு பிணைப்பே உறிஞ்சும், அங்கே பாருங்கள், ஆனால் பஃபர் அந்த அலைநீளத்தில் சும்மா இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். புரத அளவு பார்க்கப் போடும் பிராட்ஃபோர்ட் சாயம் குட்டிப் பெப்டைடுகளைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. சரியான அளவு வேண்டுமென்றால் அமினோ அமிலப் பகுப்பாய்வுதான்.

மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் விஷயத்தில், வழக்கமான கிளைசின் ஜெல்லில் இரண்டாயிரம் மூவாயிரம் டால்டன் துண்டு சாயத்தோடு சேர்ந்து அடியில் ஓடிவிடும், இருப்பதும் ஸ்டெயின் மாற்றும்போது கரைந்து வெளியே போய்விடும். டிரைசின் ஜெல் போடுங்கள், ஓட்டியதும் குளூட்டரால்டிஹைடில் நிலைநிறுத்துங்கள்.

"மாஸில் வேற நம்பர் வருது"

இந்த அறிகுறி வந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள், ஏனென்றால் மூலக்கூறு எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரம் பொய் சொல்லாது, வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் பெயரே கிடைத்துவிடும். 22 கூடுதலா, புரோட்டான் இருந்த இடத்தில் சோடியம் ஏறியிருக்கிறது. 38 என்றால் பொட்டாசியம். இரண்டும் கண்ணாடியிலிருந்தும் பஃபரிலிருந்தும் வருவது, பெப்டைடுக்கு ஒன்றும் ஆகவில்லை. 114 என்றால் டிஎஃப்ஏ கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, அதுவும் பயமில்லை.

16 கூடுதல் என்றால் கவனியுங்கள், மெத்தியோனின் ஆக்சிடைஸ் ஆகியிருக்கிறது. ஒன்று கூடுதல் என்றால் அஸ்பராஜின் அமைடை இழந்திருக்கலாம். அதிலும் அஸ்பராஜினுக்கு அடுத்து கிளைசின் இருந்தால் மிக வேகம், 37 டிகிரியில் நடுநிலை பிஎச்சில் குட்டி மாடல் பெப்டைடுகளில் ஏறக்குறைய ஒரே நாளில் பாதி மாறிவிடும். மூன்று நாள் இன்குபேஷன் வைக்கிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. 2 குறைந்திருந்தால் டைசல்ஃபைடு. முதல் எழுத்து, அதாவது முதல் அமினோ அமிலம், குளூட்டமினாக இருந்து 17 குறைந்திருந்தால் அது சுருண்டு பைரோகுளூட்டமேட் ஆகியிருக்கிறது.

56 கூடுதல், 242 கூடுதல், 252 கூடுதல் என்று வந்தால் தப்பு உங்கள் கையில் இல்லை. தயாரிக்கும்போது பக்கக் கிளைகளை மூடி வைத்திருந்த பாதுகாப்புக் குழுக்கள், முறையே டெர்ட்-பியூட்டைல், டிரைட்டைல், பிபிஎஃப், முழுதாகக் கழற்றப்படவில்லை. 57 குறைந்தால் ஒரு கிளைசின் விடுபட்டிருக்கிறது, 71 குறைந்தால் அலனின். 1963இல் மெரிஃபீல்டு காட்டிய வழியில் இன்றைக்கும் ரெசின் மணியில் ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கோத்துக்கொண்டே போகிறார்கள், ஒரு படியில் இணைப்பு முழுதாக நடக்காவிட்டால் அந்த எழுத்து இல்லாத சங்கிலியும் கூடவே வளரும். இப்படி வந்தால் ஸ்பெக்ட்ரத்தை அனுப்பி மாற்றித் தரச் சொல்லுங்கள். கெஞ்ச வேண்டியதில்லை.

"செல் எல்லாம் சாகுது, ஸ்கிராம்பிள்டு கன்ட்ரோலில்கூட"

ஸ்கிராம்பிள்டு என்றால் அதே அமினோ அமிலங்களை வரிசை கலைத்துக் கோத்தது. அதிலும் சாகிறது என்றாலே வரிசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெப்டைடோடு வேறு எதுவோ போகிறது.

பெப்டைடைச் சேர்த்த உடனே மீடியத்தின் நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பு ஆரஞ்சாகி மஞ்சள் பக்கம் போனால் டிஎஃப்ஏ உப்பின் அமிலம் பஃபரைத் தாண்டிவிட்டது. நிறம் மாறாவிட்டாலும் டிஎஃப்ஏ தொந்தரவு தரலாம்: எலும்பு செல்களும் குருத்தெலும்பு செல்களும் பெருகுவதை நானோமோலார் அளவு டிஎஃப்ஏவே குறைக்கிறது என்று 1999இலேயே காட்டியிருக்கிறார்கள். அதனால் செல் வேலைக்கு ஆர்டர் செய்யும்போதே அசிட்டேட் அல்லது ஹைட்ரோகுளோரைடு உப்பாகக் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து உறையவைத்து உலர்த்துவதை இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பகுதி மாறிவிடும். அதற்கும் வசதி இல்லையா, அதே அளவு சோடியம் டிரைஃப்ளூரோஅசிட்டேட்டை மட்டும் பிளேட்டின் ஒரு கிணற்றில் (செல் வளர்க்கும் குழியில்) போட்டு கன்ட்ரோல் வையுங்கள்.

டிஎம்எஸ்ஓ கடைசி அளவு 0.1 சதவீதத்தில் இருந்தால் நிம்மதி, 0.5ஐத் தாண்டினால் பல செல்கள் முறைக்கும். எல்லாக் கிணறுகளிலும் ஒரே அளவு டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும். டோஸ் கூடக் கூட டிஎம்எஸ்ஓவும் கூடுகிற பிளேட்டுகளை அடிக்கடி பார்க்கிறேன், அதில் வருவது டிஎம்எஸ்ஓவின் டோஸ் கர்வ்.

மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்லில் டிஎன்எஃப் (அழற்சியைக் கிளப்பும் புரதம்) எகிறுகிறது, நம் பெப்டைடு இம்யூனைத் தூண்டுகிறது என்று குதிக்கிறவர்கள் எண்டோடாக்சினைச் சோதித்துவிட்டுக் குதிக்கலாம். பெப்டைடை ரசாயன முறையில் தயாரித்திருந்தாலும் தண்ணீர், கண்ணாடி, ரெசின் எதிலிருந்தும் பாக்டீரியாவின் எல்பிஎஸ் (எண்டோடாக்சின் என்பது இதுதான்) வரும், கொதிக்க வைத்தால் போகாது. எல்பிஎஸ்ஸைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்ததும் விளைவு காணாமல் போனால் எல்பிஎஸ் மேல் சந்தேகம் வலுக்கும். எல்எல்-37 மாதிரி நேர்மின் பெப்டைடுகள் எல்பிஎஸ்ஸைத் தாமே கட்டிப் பிடித்துக்கொள்வதால் எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனையிலேயே குறைத்துக் காட்டும், அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

"எல்லாம் சரி, ஆனா வேலையே செய்யலை"

இங்கேதான் எண்ணைப் பார்க்க வேண்டும். துண்டின் பெயரோடு வருகிற 7-36, 1-34, 9-39 எல்லாம் அலங்காரத்துக்கு இல்லை, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதில்தான் மருந்தே இருக்கிறது.

சாப்பிட்டதும் இன்சுலினைத் தூண்டும் குடல் ஹார்மோனான ஜிஎல்பி-1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எண்ணியது 37 அமினோ அமிலம். ஆனால் முழு 1-37ஐ வாங்கி ரிசப்டரில் போட்டால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்காது. உடம்பில் வேலை செய்வது 7-36 அமைடும் 7-37ம். "ஃபுல் லெங்த்தான் பெஸ்ட்" என்று 1-37ஐ ஆர்டர் செய்கிறவர்கள் உண்டு. சரி, 7-36 அமைடையே வாங்கினீர்கள், சீரம் இருக்கிற மீடியத்தில் போட்டீர்கள். அங்கே டிபிபி-4 என்ற என்சைம் காத்திருக்கிறது, முன்னால் இருக்கும் ஹிஸ்டிடின், அலனின் இரண்டையும் வெட்டி 9-36 ஆக்கிவிடும், அது ரிசப்டரை ஏறக்குறைய எழுப்பவே எழுப்பாது. ரத்தத்தில் முழு ஜிஎல்பி-1இன் அரை ஆயுள் சுமார் இரண்டு நிமிடம். ஜிஎல்பி-1ஐப் பார்த்துச் செய்த சர்க்கரை மருந்தான செமகுளூட்டைடில் 8ஆம் இடத்து அலனினை மாற்றி வைத்ததே இந்த வெட்டைத் தடுக்கத்தான்; கூடவே ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலியைக் கட்டி ஆல்புமினில் தொங்கவிட்டதில் அரை ஆயுள் ஒரு வாரம் பக்கம் போனது. உங்கள் பிளேட்டில் இயற்கைத் துண்டு என்றால் டிபிபி-4 தடுப்பானைச் சேருங்கள். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் சர்க்கரைக்கு விற்கிற சிட்டாகிளிப்டின் அந்தக் குடும்பம்தான், ஆனால் மாத்திரையை இடித்துப் போடாதீர்கள், ஆய்வுத் தரத்தில் வாங்குங்கள்.

இன்னும் விசித்திரம் எக்செண்டின்-4. கீலா மான்ஸ்டர் என்ற பல்லியின் எச்சிலில் கண்டுபிடித்த 39 அமினோ அமிலம், 2005இல் எக்செனடைடு என்ற பெயரில் அமெரிக்காவில் சர்க்கரை மருந்தாக அனுமதி பெற்றது. முன்னால் இருக்கும் எட்டை வெட்டிவிட்டால் கிடைக்கும் 9-39, அதே ரிசப்டரில் போய் உட்கார்ந்துகொண்டு யாரையும் உள்ளே விடாது. தூண்டியாக இருந்தது தடுப்பானாக மாறிவிட்டது. குப்பி மாறிப் போனால் ரிசல்ட் குறையாது, தலைகீழாகும். பாராதைராய்டு ஹார்மோனிலும் இதே கதைதான். மொத்தம் 84, அதில் முதல் 34 போதும், அதுதான் 2002இல் வந்த டெரிபாரடைடு, எலும்புத் தேய்மானத்துக்கு ஆர்த்தோ டாக்டர்கள் எழுதும் ஊசி. முன்னால் ஆறு போய் 7-34 ஆனால் அது தடுப்பான்.

அடுத்து முனைகள். புரதத்தின் நடுவிலிருந்து வெட்டிய துண்டுக்கு இயற்கையில் இல்லாத இரண்டு சார்ஜ்கள் வெட்டிய இடங்களில் வந்துவிடும். அது பிடிக்காமல் பைண்டிங் (ரிசப்டரில் ஒட்டுவது) விட்டுப்போகலாம், புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் என்சைம்களும் திறந்த முனையிலிருந்து கடிக்கத் தொடங்கும். நடுத் துண்டு என்றால் ஒரு பக்கம் அசிட்டைல், மறுபக்கம் அமைடு போட்டு ஆர்டர் செய்யுங்கள். ஆனால் ஜிஎல்பி-1 மாதிரி திறந்த அமினோ முனைதான் வேலையே செய்கிறது என்கிற இடத்தில் அசிட்டைலைப் போட்டுவிட்டு அழக்கூடாது.

இரண்டும் சரி என்றால் உருவத்தைச் சந்தேகப்படலாம். புரதத்துக்குள் ஹெலிக்ஸாக இருந்த இருபது எழுத்து, தனியாகத் தண்ணீரில் விட்டால் பெரும்பாலும் சுருண்டு நிற்காது, அலையும். பைண்டிங் நூறு மடங்கு குறைந்தாலும் கேட்க ஆளில்லை. அதற்காகத் துண்டு என்றாலே வீண் என்றும் இல்லை: எச்ஐவியின் ஜிபி41 புரதத்திலிருந்து எடுத்த 36 அமினோ அமிலத் துண்டுதான் என்ஃபுவிர்டைடு, 2003இல் மருந்தாக வந்தது. ஹெலிக்ஸாகச் சுருண்டிருக்கிறதா என்று ஒளியால் பார்க்கும் சிடி ஸ்பெக்ட்ரம் ஒன்று எடுத்துப் பார்த்தால் உங்கள் துண்டு எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

"ஸ்டாக்ல வேலை செய்யுது, டைல்யூட் பண்ணா காணோம்"

டியூபில் ஒட்டிக்கொண்டது. எண்ணெய்ப் பசை அதிகமான பெப்டைடு பிளாஸ்டிக்கில் ஒட்டும், நேர்மின் அதிகமானது கண்ணாடியில் ஒட்டும். மைக்ரோமோலாரில் கண்ணுக்குத் தெரியாது, நானோமோலாரில் பாதிக்கு மேல் சுவரில் இருக்கும். லோ-பைண்ட் டியூப், பஃபரில் 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்), டைல்யூஷனை அன்றன்றைக்குப் போடுவது, இவ்வளவுதான் மருந்து. பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடு வைத்திருப்பவர்கள் எம்ஐசி (பாக்டீரியா வளர்வதை நிறுத்தும் குறைந்தபட்ச அளவு) பார்க்கும்போது சாதாரண பாலிஸ்டைரீன் பிளேட்டை விட்டுவிட்டு பாலிப்ரொப்பிலீனுக்கு மாறுங்கள். 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டிய பிறகு வேலை செய்யவில்லை என்றால் பெப்டைடு ஃபில்டரில் இருக்கிறது.

"போன மாசம் நல்லா இருந்துச்சு, இப்போ இல்லை"

வட சென்னையில் இதற்கு முதல் காரணம் ஈரம். கடலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் லேப் வைத்திருக்கிறோம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை அப்படியே திறந்தால் குளிர்ந்த பொடி மேல் காற்றின் ஈரம் படியும், மழைக்கால உப்பு மாதிரி ஆகிவிடும். அடுத்த முறை திறக்கும்போது பஞ்சாக இருந்தது கண்ணாடிச் சில்லு போலச் சுருங்கி அடியில் ஒட்டியிருந்தால் கதை முடிந்தது என்று இல்லை, ஆனால் எடைக்கணக்கு செல்லாது. குப்பியை டெசிக்கேட்டருக்குள் (ஈரம் உறிஞ்சும் பொருள் போட்ட மூடிய பாத்திரம்) வைத்து அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு மணி நேரம் விடுங்கள், பிறகு திறங்கள். மூடும் முன் உலர் நைட்ரஜன் இருந்தால் ஊதுங்கள்.

இரண்டாவது, கரைசல். பொடி மைனஸ் 20இல் ஆண்டுக்கணக்கில் தாங்கும், கரைசல் தாங்காது. ஒரே டியூபை உருக்கி உறையவைத்து உருக்கி உறையவைத்து ஓட்டுவதை நிறுத்துங்கள், ஒருமுறை வேலைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து வையுங்கள். ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃப்ரீசர் பனியை உருக்க அவ்வப்போது தானே சூடாகும், அதற்குள் வைக்கிற கரைசல் உங்களுக்குத் தெரியாமலே உருகி உறைந்துகொண்டிருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு இந்தப் பக்கம் கரன்ட் போனபோது எல்லாரும் ஃப்ரீசரைத் திறந்து திறந்து பார்த்ததுதான் பெரிய சேதம். திறக்காதீர்கள். மூடி போட்ட உலர் பொடி சில நாள் அறை வெப்பத்தைப் பொதுவாகத் தாங்கும், பல கம்பெனிகள் பெப்டைடைச் சாதாரண கூரியரில்தான் அனுப்புகின்றன. ஓர் இடத்தில் டிரை ஐஸ் கரைந்து வந்த பார்சலைப் பார்த்துப் பதறி, யாரோ நல்லெண்ணத்தில் காசிமேட்டிலிருந்து மீனுக்குப் போடும் ஐஸ் வாங்கி வந்து நிரப்பிவிட்டார்கள். இரவில் அது உருகி, லேபிள் கழன்று, திருகு மூடி வழியாகத் தண்ணீர் இறங்கி, அறை வெப்பத்தில் விட்டிருந்தால் பிழைத்திருக்கும் பொடி உப்புத் தண்ணீரில் கூழாகிக் கிடந்தது.

மூன்றாவது, லாட் நம்பர், அதாவது கம்பெனி ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண். புதுக் குப்பி திறந்த நாளிலிருந்து மாறியதா என்று நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். லாட் மாறினால் நெட் கன்டென்ட் மாறும், அமிலாய்டு என்றால் ஆரம்பத்திலேயே எவ்வளவு திரண்டிருக்கிறது என்பதும் மாறும். பழைய லாட்டில் ஒரு டியூபாவது மிச்சம் வைத்து இரண்டையும் ஒரே நாளில் ஓட்டாமல் எதையும் சொல்ல முடியாது.

"அக்கா, இது லேப் விஷயம் இல்லை..."

இந்த அறிகுறி சமீபத்தில் அதிகம். வியாசர்பாடி, காசிமேடு பக்கம் ஜிம்முக்கும் பாக்ஸிங்குக்கும் போகிற பசங்க, லேபில் வேலை செய்கிற யாரையாவது பிடித்து, பையிலிருந்து ஒரு குட்டிக் குப்பியை எடுத்துக் காட்டுவார்கள். "இன்னாக்கா, இத எவ்ளோ தண்ணில கலக்கணும்?" குப்பியில் "ஆய்வுக்கு மட்டும்" என்று பொடி எழுத்தில் இருக்கும்.

பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். பிபிசி-157, பதினைந்து அமினோ அமிலம், எலிகளில்தான் அதிகம் சோதித்திருக்கிறார்கள், மனிதர்களிடம் பெரிய சோதனை நடந்து மருந்தாக அனுமதி வாங்கியது இல்லை. டிபி-500, இது 43 அமினோ அமிலம் கொண்ட தைமோசின் பீட்டா-4இன் ஒரு குட்டித் துண்டின் பெயர், ஆனால் அந்தப் பெயரில் விற்கிற குப்பியில் துண்டு இருக்கிறதா முழுசு இருக்கிறதா என்பது விற்கிறவனுக்கே வெளிச்சம். ஏஓடி-9604, வளர்ச்சி ஹார்மோனின் கடைசிப் பகுதியிலிருந்து எடுத்த துண்டு, எடைக் குறைப்புக்குச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டார்கள்.

மேலே எழுதியதையெல்லாம் இப்போது அந்தக் குப்பியை வைத்து யோசித்துப் பாருங்கள். நெட் கன்டென்ட் தெரியாது, உப்பு தெரியாது, எண்டோடாக்சின் பார்த்திருக்க மாட்டார்கள், ஸ்டெரைலா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. லேபில் இதெல்லாம் ஒரு பிளேட்டைக் கெடுக்கும், இங்கே ஆளை. எவ்வளவு தண்ணீர் என்று சொல்லித் தராதீர்கள், அன்புக்காகக்கூடச் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்ன மில்லி கணக்கு அவன் நண்பர்கள் எல்லாருக்கும் போய்ச் சேரும். நல்ல பேச்சில் நிற்கவில்லை என்றால், போட்டிக்குப் போகிறவனாக இருந்தால், வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) பட்டியலைச் சொல்லுங்கள்: பிபிசி-157 2022இலிருந்து தடை, டிபி-500ம் ஏஓடி-9604ம் தடைப் பட்டியலில் இருப்பவைதான். ஒரு மூத்திர சாம்பிளில் வருஷக்கணக்கில் ரிங்குக்கு வெளியே நிற்க வேண்டி வரும். உடம்பைப் பற்றிச் சொன்னால் கேட்காதவனும் இதைக் கேட்பான்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டு காய்ச்சல், நடுக்கம், போட்ட இடத்தில் சூடு, வீக்கம் என்று வந்தால் காத்திருக்க வேண்டாம், ஸ்டான்லி ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு அனுப்புங்கள். மூச்சு திணறினாலோ முகம் வீங்கினாலோ 108ஐக் கூப்பிடுங்கள். பாதி மிச்சமிருக்கும் குப்பியையும் கலக்கிய தண்ணீர் பாட்டிலையும் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.